மணியை அடித்தது யார்?

மாண்புமிகு நடுவர் அவர்களே! சமயமே என்று பேசி அமர்ந்திருக்கிற அன்புச் சகோதரியே! இலக்கியமே என்று முழங்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற நண்பரே! அவையிலே கூடியிருக்கிற பெருமக்களே! வீட்டிலே பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே எங்களைப் பார்க்கிற தாய்மார்களே!

"மனிதர்களிடையே அறம் நிலைக்கப் பெரிதும் காரணம் சமயமா, இலக்கியமா, சமூகமா?" இதுதான் தலைப்பு. சமூகமே என்று பேச நான் வந்திருக்கிறேன். கிளம்பும்போது என் மனைவி கேட்டார், "ஏங்க, முப்பது வருஷமா இலக்கியம் நடத்தித்தானே சம்பளம் வாங்கினீங்க? அதை எதிர்த்தே பேசப் போறீங்களே, நியாயமா?" நான் சொன்னேன், "சம்பளத்துக்கு இலக்கியம், சன்மானத்துக்குச் சமூகம்." (சிரிப்பு)

நடுவர் அவர்களே, சமய அணியிலே பேசிய சகோதரி அருமையாகப் பேசினார். பெரியபுராணத்தை எடுத்தார். மனுநீதிச் சோழன் கதையைச் சொன்னார். இளவரசன் தேரிலே போகிறான். கன்று சக்கரத்திலே சிக்கிச் செத்துப் போகிறது. பெற்ற மகன் என்றும் பாராமல் மன்னன் நீதி செய்தான். சிவபக்தி தந்த அறம் அது என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். எதிரணிக்குத் தட்டக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

ஆனால் அம்மா, நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கன்று செத்தது தெருவிலே. மன்னன் இருந்தது அரண்மனையிலே. அவன் நெஞ்சிலே பக்தி இருந்தது, நீதி இருந்தது, எல்லாம் இருந்தது. ஆனால் அந்த நேரத்திலே அவனுக்குச் செய்தி தெரியுமா? தெரியாது! எப்போது தெரிந்தது? தாய்ப்பசு நடந்து வந்து, வாசலிலே கட்டியிருந்த மணியைக் கொம்பாலே அசைத்தபோதுதான் தெரிந்தது. மணியைக் கட்டியது மன்னன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அடித்தது யார்? பாதிக்கப்பட்ட பசு! (கைதட்டல்)

இலக்கிய அணி நண்பர் என்ன சொன்னார்? சிலப்பதிகாரத்துக்குப் போனார். தவறு என்று தெரிந்ததும் உயிரையே விட்டானே பாண்டியன் நெடுஞ்செழியன், அவனைக் காட்டுகிற இலக்கியம்தான் அறத்தை வளர்க்கிறது என்றார். சரிங்க ஐயா. அந்தப் பாண்டியன் அவையிலே புலவர்களுக்கா பஞ்சம்? சங்கம் வளர்த்த மதுரை என்கிறோம். ஆனாலும் பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, விசாரிக்காமலே தண்டனை கொடுத்துவிட்டான். அவனைத் திருத்தியது எது? தலைவிரி கோலமாக ஒரு பெண் வந்து நின்றாள். அரசியின் சிலம்பிலே முத்து, என் சிலம்பிலே மாணிக்கம், உடைத்துப் பார் என்றாள். கண்ணகி வாசலுக்கு வராமல் இருந்திருந்தால், அந்தப் பாண்டியன் கடைசிவரைக்கும் நல்ல அரசன் என்ற நினைப்பிலேயே நிம்மதியாக இருந்திருப்பான். நடுவர் அவர்களே, இதுதான் என் கட்சி. சமயம் அறத்தைப் போதிக்கும். இலக்கியம் அறத்தைப் பாடும. நீ செய்வது சரியா என்று எதிரே நின்று கேட்க ஒரு மனுஷன் வரவேண்டும். அந்த மனுஷனைத்தான் நான் சமூகம் என்கிறேன்.

மதுரைக்கு வந்துவிட்டோம், அங்கேயே கொஞ்சம் நிற்போம். மீனாட்சியம்மன் கோயில். எத்தனை நூற்றாண்டு பக்தி! எத்தனை பாட்டு! எத்தனை உற்சவம்! ஆனாலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்தக் கதவு மூடித்தானே இருந்தது? 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்து காவல் நின்றது. ஆண்டவன் முன்னாலே எல்லோரும் ஒன்று என்பது ஏற்கெனவே பாடிய விஷயம்தான். பாட்டு உள்ளேயே இருந்தது. ஆள்தான் வெளியே நின்றான்.

இலக்கிய நண்பர் கோபிக்கக் கூடாது. மணிமேகலை என்று ஒரு காப்பியமே இருக்கிறது. ஆடல் குலத்திலே பிறந்த பெண், அந்த வாழ்க்கை வேண்டாம் என்று துறவு பூண்டு, பசித்தவர்க்குச் சோறு போட்ட கதை. எவ்வளவு பெரிய கதை! படித்தோம், உருகினோம், பரீட்சை எழுதினோம். ஆனால் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் நின்றதா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சட்டசபையிலே எழுந்து பேசவேண்டியிருந்தது. அதற்கு அப்புறமும் இருபது வருஷம் போராடி, 1947இல்தான் சென்னை மாகாணத்திலே தடைச் சட்டம் வந்தது.

ஊர்க்கதை போதும். என் கதைக்கு வருகிறேன். மேடையிலே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அறத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டு, அடுத்தவன் குற்றத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது அறமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வகுப்பிலே குறள் நடத்துவேன். பிறப்பிலே பேதமில்லை என்கிற இடம் வந்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். பையன்கள் மெய்மறந்து கேட்பார்கள். ஆனால் என் வீட்டிலே, வாசல் பெருக்க ஓர் அம்மா வருவார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுக்கத் தனியாக ஓர் அலுமினியத் தம்ளர். கொல்லைப்புறச் சுவரிலே கவிழ்த்து வைத்திருக்கும். யார் வைத்தது என்று கேட்டால் தெரியாது. என் தாயார் காலத்திலிருந்து அப்படித்தான். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணிலே பட்டது. மனசிலே படவில்லை.

ஒருநாள் மாணவன் ஒருவன் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வந்தான். நன்றாகப் படிக்கிற பையன். கூடத்திலே உட்காரவைத்து எவர்சில்வர் தம்ளரிலே காப்பி கொடுத்தோம். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவன் திரும்பி வந்தான். காப்பியைத் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. பின்னாடி காப்பி குடிக்கிறாங்களே, அவங்க எங்க தெருக்காரங்க. அவங்களுக்கு அது, எனக்கு இதுன்னா... எப்படிங்கய்யா குடிக்கிறது?"

அவ்வளவுதான் கேட்டான். சத்தம் போடவில்லை. 1330 குறளும் தெரிந்த எனக்குப் பதில் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் அந்தத் தம்ளரை என் மனைவி பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார். எவர்சில்வர் தம்ளரிலே காப்பி கொடுத்தோம். அந்தம்மா வாங்கினார்கள். ஆனால் வாய் வைத்துக் குடிக்கவில்லை, அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்கள். "வாய் வச்சே குடிங்கம்மா" என்று என் மனைவி சொல்லிச் சொல்லிப் பார்த்தார். தம்ளரை மாற்ற எங்களுக்கு ஒரு நாள் ஆயிற்று. அந்த அம்மாவின் பயம் போக ஆறு மாதம் ஆயிற்று.

இப்போது எதிரணி நண்பர் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். "அந்தத் தம்ளரைத் தனியாக வைத்ததே உங்கள் சமூகம்தானே?" ஆமாம் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். முள்ளைத் தைத்ததும் சமூகம்தான். ஆனால் எடுத்தது எது? என் அலமாரியிலே புத்தகம் இருந்தது. பூஜை அறையிலே சாமி இருந்தது. இரண்டும் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. இருபது வயசுப் பையன் கேட்டான். புத்தகத்தை மூடிவிடலாம். பூஜை அறைக்குக் கதவு சாத்திவிடலாம். எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷன் முகத்தை என்ன செய்வது?

இதை வள்ளுவரே உணர்ந்திருப்பார் போலத் தெரிகிறது. தவறுக்கு வெட்கப்படுகிற குணத்துக்கு நாணுடைமை என்று அதிகாரம் வைத்தார். எங்கே வைத்தார்? அறத்துப்பாலிலே இல்லை. பொருட்பாலிலே, 102ஆவது அதிகாரமாக, சான்றாண்மை, பண்புடைமைக்குப் பக்கத்திலே வைத்தார். நாலு பேரோடு வாழ்கிறபோது வருகிற குணமல்லவா அது?

அதனாலே நடுவர் அவர்களே, சமயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலக்கியம் வேண்டாம் என்று சொன்னால் வீட்டிலே எனக்குச் சோறு கிடைக்காது. (சிரிப்பு) சமயமும் இலக்கியமும் வாசலிலே மணியைக் கட்டி வைத்திருக்கின்றன. அதை அடிக்கிற கை சமூகத்தின் கை. உங்கள் வீட்டு வாசலிலே யாராவது வந்து அடித்தால், சத்தம் காதிலே விழட்டும். அந்தப் பையனுக்கு அன்றைக்கு நான் நன்றி சொல்லவில்லை. இந்த மேடையிலே சொல்லிக்கொள்கிறேன். அறம் நிலைக்கப் பெரிதும் காரணம் சமூகமே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)