தொடட்டும், கலக்கட்டும்

(பிள்ளைக்காம்பரா ஆயாமாருக்கும் தாய்மாருக்குமாக, மட்டக்களப்பு முன்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையிலிருந்து)



நான் மட்டக்களப்பு வாவிக்கரையில இருந்து வந்திருக்கன். என்ட பேச்சு உங்களுக்குக் கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கட ஊரில் 1996ஆம் ஆண்டு, யுத்த காலத்தில், வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். போல் ஹோகன் என்ற கனடா நாட்டு ஓவியரும், இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் முன்னின்றார்கள். யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம், இவைதான் அங்கே பாடம். பயந்த பிள்ளையிடம் "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டால் வாய் திறக்காது. வர்ணத்தைக் கொடுத்தால் முதலில் கை பேசும், வாய் பிறகு பேசும்.

உங்கள் பிள்ளைகள் யுத்தத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபிறகு, நாள் முழுக்க அவர்கள் காதில் விழுகிற சொல் எது? "தொடாதே, கொட்டாதே, சும்மா இரு." அப்படி வளர்ந்த பிள்ளையை ஐந்து வயதில் பள்ளியில் விட்டால், டீச்சர் கேள்வி கேட்கும்போது வாயை மூடிக்கொண்டுதானே நிற்கும்?

பெயின்ட் பெட்டிக்குக் காசில்லை என்பீர்கள். காசு வேண்டாம். அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரையுங்கள். நீலச் சங்குப்பூ பத்தைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டால் நீலம் வரும். சுடுதண்ணீர் வேலை ஆயாவுடையது, ஆறியபிறகுதான் பிள்ளைக்கு. குளிர் கூடின தோட்டங்களில் சங்குப்பூ கிடைக்காது. அங்கே பீட்ரூட் துருவிப் பிழியுங்கள், மஞ்சளோடு சேர்த்தால் தோடம்பழ நிறம் வரும்.

முதல் நாள் இரண்டு நிறம் மட்டும் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும், பிள்ளையும் சலித்துவிடும். முக்கியமான விஷயம் இதுதான்: "மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை" என்று நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள். "ஊத்திப் பாரு, என்ன வருது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆயாமாருக்கு அதுதான் கஷ்டம்! "ஐ, பச்சை வந்துருச்சு!" என்று பிள்ளை கத்தும். இலையைப் பறித்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கும். தேயிலைக் கொழுந்து ஒரு பச்சை, முற்றின இலை வேறொரு பச்சை. இன்னும் கொஞ்சம் மஞ்சள் விட்டால் எது வரும்? அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

சட்டை பழுதாகும் என்று அடிக்காதீர்கள். துவைத்து வெயிலில் போட்டால் மஞ்சள் கறை வெளிறிவிடும். துணிக்குப் போடும் சொட்டு நீலம், வெற்றிலைச் சுண்ணாம்பு, சுவர் பெயின்ட் மூன்றையும் பிள்ளைகளின் கைக்கெட்ட வைக்கவே கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

பூத்தண்ணீர் பழுதாகிவிடும், அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள். இரண்டாம் நாள் அந்த நீலத்தில் தேசிக்காய்த் துளி இரண்டு விடச் சொல்லுங்கள். நீலம் ஊதாவாக மாறும். அதையும் பிள்ளையே பிழியட்டும்.