இசைத்தட்டைச் சுற்றி நாலு பேர்



ஜாஸ் என்ற சொல்லைக் கேட்டதும், அது பட்டணத்துப் பெரிய ஓட்டல்களில் கோட்டுப் போட்டவர்கள் கேட்கும் இசை, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லிவிடுகிறோம். அந்த இசையின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டோம். அது தோட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தித் தோட்டங்களும் கரும்புத் தோட்டங்களும் இருந்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் தோட்டத்து வாழ்க்கை பலருக்கு மாறவில்லை. வேலையின்போது ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். நம் ஏற்றப் பாட்டும் நடவுப் பாட்டும் இதே முறைதான். அவர்கள் பட்ட துன்பமும் கங்காணிகளின் பின்னால் கப்பலேறிய நம் முன்னோர் பட்ட துன்பமும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. அடிமையை விலைக்கு விற்றார்கள்; அந்தக் கொடுமைக்கு ஈடு கிடையாது. ஆனால் உடம்பு நோகும்போது பாட்டில் ஆறுதல் தேடியது இரண்டு இடத்திலும் நடந்தது.

இந்தப் பாட்டுகளிலிருந்து புளூஸ் என்ற வகை உருவாயிற்று. புளூஸ், தேவாலயப் பாடல், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பித்தளை வாத்தியக் குழு எல்லாம் கலந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் பிறந்தது. 1917இல் வெளியான முதல் ஜாஸ் இசைத்தட்டில் வாசித்தவர்கள் வெள்ளையர்கள். விதைத்தவன் ஒருவன், அறுவடை இன்னொருவனுக்கு! தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மிசிசிப்பி மாநிலத்தில் டாக்கரி என்ற பருத்தித் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே வாழ்ந்த சார்லி பேட்டன் என்ற புளூஸ் பாடகரின் குரல் முதன்முதலாக இசைத்தட்டில் ஏறிய ஆண்டு 1929. நம் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டதும் அதே 1929தான்.

இன்னொருவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதே மிசிசிப்பியில் ஸ்டோவல் என்ற தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். மடி வாட்டர்ஸ் என்று பெயர். ஓய்வு நேரத்தில் கித்தார் வாசித்துப் பாடுவார். 1941இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல்களைத் திரட்டிக்கொண்டிருந்த ஆலன் லோமாக்ஸ் என்பவர், ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தத் தோட்டத்துக்கு வந்தார். வாட்டர்ஸைப் பாடவைத்துப் பதிவு செய்தார். பிறகு இசைத்தட்டின் பிரதியும் அவருக்குக் கிடைத்தது. தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டபோதுதான், நானும் ஒரு பாடகன் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. 1943இல் தோட்டத்தை விட்டுச் சிகாகோ நகரத்துக்குப் போனார். பின்னாளில் உலகம் முழுவதும் அவர் பாட்டைக் கேட்டது. ஒரு கருவியும் காது கொடுத்துக் கேட்க ஒருவரும் அந்தத் தோட்டத்துக்கு வராமல் இருந்திருந்தால்?

இனி, கேட்பவர்கள் பக்கம் வருவோம். அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடந்தான் இசை. தட்டின் மேல் பெரும்பாலும் குழுத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். டிரம்பெட் ஊதியவர் யார், மேளம் அடித்தவர் யார் என்று இருக்காது. ரசிகர்கள் கூடிக் கூடிக் கேட்டு, வாசிப்பின் பாணியை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். பிரெஞ்சுக்காரரான சார்ல் டெலோனே, எந்தத் தட்டில் யார் யார் வாசித்தார்கள் என்று ஒரு புத்தகமே தொகுத்து 1936இல் வெளியிட்டார். கூலி வாங்கிக்கொண்டு பெயரில்லாமல் போயிருக்க வேண்டிய எத்தனையோ கலைஞர்களின் பெயரை நிலைக்க வைத்தவர்கள் இந்த ரசிகர்கள்தாம். ஜப்பானில் வேறொரு வழி. வெளிநாட்டு இசைத்தட்டின் விலை சாதாரணத் தொழிலாளிக்கு எட்டாது. ஆகவே ஜாஸ் காப்பிக்கடைகள் தோன்றின. ஒரு காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கலாம். சில கடைகளில் பேசவே கூடாது என்று கண்டிப்பு உண்டு. அந்தக் கண்டிப்பு எங்களுக்குப் பிடிக்கவில்லை. இசை ஓடும்போது வாய் மூடலாம். முடிந்த பிறகும் பேசாவிட்டால் என்ன சுவை?

எங்கள் தோட்டத்தில் ஆசிரியர் சிலரும் பெற்றோர் சிலரும் மாதம் ஒரு மாலை இப்படிக் கூடுகிறோம். ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவருவார்; தட்டு இல்லாவிட்டால் கைப்பேசியில் தேடி ஒரு சிறிய ஒலிபெருக்கியில் வைப்பார். காதில் செருகிக்கொண்டு தனியாகக் கேட்பதற்கு அங்கே அனுமதி இல்லை. கொண்டுவந்தவர் முன்கூட்டியே புகழக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் காதில் விழுந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 'நன்றாக இருந்தது' என்றால் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, மைல்ஸ் டேவிஸ் குழுவினர் 1959இல் நியூயார்க்கில் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் புளூ' என்ற தட்டைச் சொல்லுவோம். முதல் உருப்படியில் பெரிய வயலின் போன்ற பாஸ் கருவி மெல்லக் கேள்வி கேட்கும். மற்ற கருவிகள் இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். மலைச்சரிவில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, எவரும் விளக்காமலேயே, "இவன் கூப்பிடுறான், அவங்க ஆமாங்கிறாங்க" என்றார். அந்த உருப்படியின் அமைப்பே அதுதான். பிறகு ஒவ்வொருவராக மனோதர்மத்தில் வாசிப்பார்கள். நான்கு நான்காக எண்ணிக்கொண்டே வாருங்கள். பதினாறு நான்கு முடிந்ததும் எல்லாம் அரைச்சுரம் மேலே ஏறும். எட்டு நான்கு அங்கே இருந்துவிட்டு மறுபடி இறங்கும். தாளம் போட்டுப் பழகிய பிள்ளைகள் இதை இரண்டாம் முறையிலேயே பிடித்துவிடுகிறார்கள். நம் இசைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு, ஒரே நேரத்தில் பல சுரங்களை அடுக்கிக் கட்டும் முறை. அது பழகச் சில நாள் ஆகும்.

நம் நாட்டுக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. சார்லி மரியானோ, பாஸ்டன் நகரத்து சாக்சபோன் கலைஞர், 1923இல் பிறந்தவர். 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவினருக்குப் பயிற்சி தரக் கோலாலம்பூர் வந்தார். இங்கேதான் நாதசுரத்தைக் கேட்டு மயங்கினார், கற்கவும் தொடங்கினார். பிரிஞ்சாங் முருகன் கோயில் திருவிழாவில் நாம் பேச்சுச் சத்தத்தோடு கேட்டுவிட்டுப் போகிறோமே, அதே வாத்தியத்தை! பிறகு இந்தியாவுக்கும் சென்று பயின்றார். 1983இல் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவினருடன் சேர்ந்து 'ஜோதி' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். 2009இல் மறைந்தார்.

எதிர்த்திசையில் நடந்தவர் கத்ரி கோபால்நாத். தந்தை நாதசுரக்காரர், மகனோ சாக்சபோனை எடுத்து, கருவியில் சில மாற்றங்கள் செய்து, கமகம் பேச வைத்தார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டி என்ற அமெரிக்கக் கலைஞர், இவருடைய வாசிப்பைக் கேட்டுச் சேர்ந்து வாசித்தார். 1994இல் வந்த 'டூயட்' படத்தின் சாக்சபோன் இசையில் நீங்கள் அனைவரும் கத்ரியைக் கேட்டிருப்பீர்கள்.

'ஜோதி'யை நாங்கள் வைத்த மாலையில் பெரிய வழக்கே நடந்தது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் ஊறிய ஒரு பெரியவர், "சாவி வைத்த பித்தளைக் குழலில் சுரம் சுரமாகத்தான் வரும், சீவாளி வைத்து ஊதும் குழைவு வராது" என்றார். அவர் பேரனோ, "தாத்தா, அவர் நாதசுரத்தைக் காப்பியடிக்கவில்லை, அதைக் கேட்டுவிட்டுத் தம் பாஷையில் பேசுகிறார்" என்றான். எங்களுக்குப் பேரன் பக்கம் சாய்வு. ஆனால் தாத்தா பழைய தோடித் தட்டை எடுத்து வந்து வைத்தபோது வாயடைத்துப் போனோம். மணி பத்தாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த மாலைக்குப் பிறகு கூட்டத்தில் ஒரு புது வேலையும் சேர்ந்துகொண்டது. பாட்டிமார் பாடும் தாலாட்டையும், முன்பு லயத்தில் பாடிய வேலைப் பாட்டுகளையும் பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்து வருகிறார்கள். பாடியவர் பெயர், ஊர், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டுகளில் வேலை பார்த்தார் என்பதையும் கூடவே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறோம். டெலோனே செய்தது போல. தேயிலைத் தோட்டங்களில் இப்போது வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் குடும்பங்கள் பல பட்டணம் போய்விட்டன. பாட்டுத் தெரிந்தவர்களும் சிலரே. அடுத்த மாதம் மடி வாட்டர்ஸின் 1941ஆம் ஆண்டுப் பதிவை வைத்துவிட்டு, அடுத்ததாக நம் பாட்டியின் தாலாட்டை வைக்கப் போகிறோம். தம் குரலைப் பாட்டி இன்னும் கேட்டதில்லை.