நீர் வேண்டாத சாய அச்சு

துணி அச்சுத் தொழிலில் நீரே பெரும் பிரச்சினையாகும். வழக்கமான முறையில் அச்சிட்ட துணியை நீராவியில் பதப்படுத்தி, ஒட்டாத சாயமும் பசையும் நீங்கும்வரை அலச வேண்டியுள்ளது. அலசிய நீரைத் தூய்மைப்படுத்தாவிடில் ஆறும் கிணறும் கெடுகின்றன.

செயற்கை இழைத் துணிக்குப் பெயர்பெற்ற சூரத்தில் கையாளப்படும் பதங்க அச்சுமுறை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. உருவம் முதலில் காகிதத்தில் இடவலம் மாற்றி அச்சிடப்படுகிறது. அக்காகிதத்தைப் பாலியஸ்டர் துணிமீது வைத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரை நிமிடம் அழுத்தினால், சாயம் கற்பூரத்தைப்போல் திரவமாகாமலே ஆவியாகிறது. வெப்பத்தால் நெகிழ்ந்த இழைக்குள் புகுந்து, ஆறியதும் அங்கேயே தங்குகிறது. பின்னர் அலசத் தேவையில்லை. பாலியஸ்டர் பூச்சிட்ட பீங்கான் கோப்பை, அலுமினியத் தகடு ஆகியவற்றிலும் இவ்வாறே அச்சிடலாம்.

ஆயினும் இதற்கு வரம்புகள் உண்டு. வெளிர்நிறப் பரப்பிலேயே வண்ணம் தெளியும். காகிதம் பெரும்பாலும் ஒருமுறைக்கே உதவும். எல்லாவற்றிற்கும் மேலாக, பருத்தி இழை இச்சாயத்தைப் பற்றிக்கொள்வதில்லை. எனவே பருத்தி நெசவு ஊர்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு இது மாற்றாகாது. அச்சு எந்திரத்திற்குக் கடன் வழங்குமுன், ‘இழை எது?’ என்று கேட்டறிவதே அதிகாரியின் முதற்கடமையாகும்.