வெட்டிய நிலம் யாரிடம் திரும்பும்?

(புதுச்சேரியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நெய்வேலியைப் பற்றிப் புதுச்சேரியில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நமது பாகூர்ப் பகுதியின் அடியிலும் பழுப்பு நிலக்கரி இருப்பதாக அரசின் கணக்கு சொல்கிறது. அதனால் இது அடுத்த வீட்டுக் கதை அல்ல.

நெய்வேலியில் 1957இல் வெட்டத் தொடங்கினார்கள். அங்கே ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கும் மேல் மண்ணை அள்ள வேண்டும். அந்த மண்தான் குன்றுகளாக நிற்கிறது. இப்படிப்பட்ட குன்றுகளைப் படிப்படியாக வெட்டி, நேராக வாய்க்கால் இழுத்து, மரக்கன்று நட்டு, "நிலத்தை மீட்டுவிட்டோம்" என்பது சுரங்கத் தொழிலின் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரே நாளில் கொட்டினால் அந்தச் சரிவுகள் அரிக்கும். வண்டல் கீழே இருக்கும் வாய்க்காலையும் ஏரியையும் தூர்க்கும்.

இதற்கு மாற்று உண்டு. சுரங்கம் தொடாத பக்கத்து நிலத்தை முதலில் அளக்கிறார்கள். சரிவு எப்படி இறங்குகிறது, ஓடைகள் எவ்வளவு நெருக்கமாக ஓடுகின்றன, எங்கே வளைகின்றன என்று பார்த்து, குவித்த மண்ணுக்கும் அதே வடிவம் கொடுக்கிறார்கள். மேலே புடைத்து, அடியில் குழிந்து, ஓடைகள் வளைந்து இறங்கும் நிலம் தண்ணீரின் வேகத்தைத் தானே குறைக்கும். தனியே எடுத்துவைத்த மேல்மண்ணைப் பரப்பி, அந்த மண்ணுக்கே உரிய புல்லையும் செடியையும் வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் லா பிளாட்டா சுரங்கத்தில் இப்படிச் செய்திருக்கிறார்கள். நம் நாட்டிலும், சுரங்கம் முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டுமென்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இது நல்ல அறிவியல். ஆனால் அளவுகோலோடு வருகிறவரிடம் நான் கேட்க இரண்டு கேள்விகள் உண்டு.

முதலாவது, யாரைக் கேட்டு வரைவீர்கள்? என் பாட்டி பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு நட்டவர். அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் எந்த மடை முதலில் நிரம்பும், எந்த வரப்பு உடையும் என்பது அவருக்குத் தெரியும். பட்டாதாரரை மட்டும் அழைத்துக் கூட்டம் போட்டால் இந்த அறிவு உள்ளே வராது. நம் பகுதியில் மேட்டில் ஊரும் பள்ளத்தில் சேரியுமாக இருக்கும் கிராமங்கள் எத்தனை! ஓடை எங்கே இறங்கும் என்று கோடு போடும்போது, கோட்டின் முடிவில் யார் வீடு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மீட்ட நிலம் யாருக்கு? 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த நிலமற்ற கூலித் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. நிலம் போகும்போது பாதிக்கப்பட்டவர், நிலம் திரும்பும்போது மட்டும் எப்படி அந்நியராவார்? 1892இல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி கைமாறிப் போனதை நாம் அறிவோம். அதனால் வாய்வாக்குறுதி போதாது. மீட்ட நிலத்தில் நிலமற்ற உழைப்பாளருக்கு, குறிப்பாகத் தலித் பெண்களுக்கு, பிறர் வாங்க முடியாத உரிமைப் பத்திரம் வேண்டும். சுரங்கம் தோண்ட அனுமதி தரும் நாளிலேயே அது நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

தோழர்களே, நிலத்தின் பழைய வடிவம் திரும்பட்டும். ஊரின் பழைய வடிவம் திரும்பக் கூடாது.

ஜெய்பீம்.