வாயு அன்று, இதயத்தின் முறையீடு



படியேறுகையில் நெஞ்சு இறுகுகிறது. 'வாயு' என்று கூறி அமர்ந்து சோடா அருந்துகிறோம். சற்று நேரத்தில் இறுக்கம் தணிகிறது. தணித்தது ஓய்வு, பெருமையோ சோடாவுக்குச் சேர்கிறது!

1768ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இதனைத் தெளிவுற விவரித்தார். நடக்கையில், சிறப்பாக மேடேறுகையிலும் உணவுண்ட பின்னரும், நெஞ்சு நெரிபடும்; நின்றதும் அகலும். அவர் இட்ட பெயரே ஆஞ்சைனா. இதயத் தசைக்குக் குருதி தரும் நாளங்கள் கொழுப்புப் படிந்து குறுகினால், ஓய்வில் போதுமான குருதி உழைப்பில் போதாது. அந்தப் பற்றாக்குறையின் குரலே இவ்வலி.

ஆதலின், வலி எங்கே என்பதோடு, எப்போது வருகிறது, எதனால் தணிகிறது என்பதையும் நோக்குங்கள். அது தோள், இடக்கை, தாடை, மேல்வயிறு ஆகியவற்றிலும் தோன்றலாம். பெண்களுக்கும் நீரிழிவு உடையோர்க்கும் மூச்சிரைப்பாகவோ சோர்வாகவோ மட்டும் வெளிப்படலாம்.

உழைப்பில் வந்து ஓய்வில் தணிந்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காணுங்கள். ஓய்விலும் வந்தால், சில நிமிடங்களில் தணியாவிட்டால், வியர்வையும் மயக்கமும் உடன் சேர்ந்தால், உடனே 108ஐ அழையுங்கள். தாமே வண்டியோட்டிச் செல்லலாகாது.

பொறுமை நற்பண்பே, ஆயினும் இவ்வலியைப் பொறுத்திருத்தல் தகாது. இல்லத்துப் பெரியவர் படிக்கட்டின் நடுவே நின்றால், ஏன் நின்றார் என்று இன்றே கேளுங்கள்.