முதுகில் இரண்டு சிலிண்டர்: கழட்ட முடியாத எடை

ஸ்கூபா பத்திப் பேசினா நம்ம ஆளுங்க சீக்கிரமே கேட்கிற கேள்வி, "ரெட்டை ஸ்டீல் சிலிண்டருக்கு மாறலாமா?" இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

நான் பெரம்பலூர் பக்கத்துக்காரன். நீச்சல் கத்துக்கிட்டது ஊர்க் கிணத்துல, முதுகுல காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கிட்டு. முதுகுல கட்டுறது நம்மளை மேலே தூக்கும்னு மனசுல பதிஞ்சுபோச்சு. ரெட்டை ஸ்டீல் அதுக்கு நேரெதிர்.

முதல்ல, ரெண்டு சிலிண்டர் எதுக்கு? இலங்கையில மட்டக்களப்புக்கு அப்பால எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் கிடக்கு. 1942 ஏப்ரல் 9 அன்னைக்கு ஜப்பானிய விமானங்கள் மூழ்கடிச்ச பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவிங்கோட எல்லையே 40 மீட்டர். அந்த ஆழத்துல காத்து வேகமாத் தீரும், நேரா மேலே வரவும் முடியாது. அதனால கூடுதல் காத்து வேணும். ஒரு வால்வு கெட்டா இன்னொண்ணு வேலை செய்யணும். நம்ம சர்வருக்கு பேக்கப் வைக்கிற மாதிரிதான்.

இப்போ எடை. 12 லிட்டர் ஸ்டீல் ஒண்ணு காலியாவே சுமார் 14, 15 கிலோ. ரெண்டையும் சேர்த்து, இணைப்பு வால்வு, பட்டை, காத்து எல்லாம் போட்டா 40 கிலோவை நெருங்கும். வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைஞ்சதே 30 கிலோதான். காத்துக்கும் எடை உண்டு: 24 லிட்டர் கொள்ளளவுல 200 பார் அழுத்தம்னா 4,800 லிட்டர் காத்து, கிட்டத்தட்ட 6 கிலோ.

வழக்கமா நாம போடுற அலுமினியம் சிலிண்டர் காலியானா மிதக்கப் பார்க்கும். அதைச் சமாளிக்க இடுப்புல ஈயக்கட்டி கட்டுறோம். ஸ்டீல் காலியானாலும் மூழ்கும். குளிர்க்கடல்ல போடுற ட்ரை சூட் நம்மளை மேலே தூக்கும். அங்க ஈயத்துக்குப் பதிலா ஸ்டீலோட எடையே உதவும். நம்ம வெதுவெதுப்பான கடல்ல 3 மில்லிமீட்டர் சூட்டே போதும். அப்போ அந்த எடையைத் தூக்க என்ன இருக்கு? முதுகுல இருக்கிற காத்துப்பை, அதாவது விங், அது ஒண்ணுதான்.

இதை நான் ஒரு பயிற்சிக் குளத்துல, 4 மீட்டர் ஆழத்துல கத்துக்கிட்டேன். பழக்கதோஷத்துல 4 கிலோ ஈயப் பெல்ட்டையும் கட்டியிருந்தேன். மாஸ்டர் ஒண்ணும் சொல்லலை. "தம்பி, கீழ போய் விங்கை முழுசாக் காலி பண்ணு. அப்புறம் காலால அடிச்சு மேல வா" அப்படின்னார். அடிச்சேன். தரையை விட்டு ஒரு முழம் எழும்பினேன், திரும்ப உட்கார்ந்தேன். பெல்ட்டைக் கழட்டிப் போட்டேன். அப்பவும் முடியலை. மூச்சு வாங்குது, தொடை எரியுது. கடைசியில விங்குல காத்து ஏத்தித்தான் மேலே வந்தேன். "கடல்ல அது கிழிஞ்சிருந்தா?" அப்படின்னார். என்கிட்ட பதில் இல்லை.

அதனால நான் இப்போ பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு: சிலிண்டர் நிறைஞ்சிருக்கு, விங் செத்துப்போச்சு, என்னால மேலே வர முடியுமா? மெல்லிய சூட்டோட முடியாதுன்னா, அலுமினிய ஜோடிதான். காத்தோட எடை அதுலயும் இருக்கு. ஆனா கூடக் கட்டின ஈயத்தை அவசரத்துல கழட்டி விடலாம். முதுகுல இருக்கிற ஸ்டீலைக் கழட்டி விட முடியாது.

கையாளுறதுக்கு நாலு விஷயம். குனிஞ்சு தூக்காதீங்க, இடுப்பு உயர மேடையில வச்சு, உட்கார்ந்து மாட்டுங்க. படகுல நிமிர்த்தி வச்சுட்டு நகராதீங்க. நடு வால்வு திறந்திருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கையால பாருங்க. மூடியிருந்தா மீட்டர் ஒரு சிலிண்டரை மட்டும்தான் காட்டும். சுத்தமாக் காலியாக்காதீங்க, உப்புத்தண்ணி உள்ளே போனா ஸ்டீல் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பழசு வாங்கினா, மேலே அடிச்சிருக்கிற அழுத்தச் சோதனைத் தேதியைப் பாருங்க.

போன தடவை ஊருக்குப் போனப்போ காரை பக்கம் நடந்தேன். பெரம்பலூர், அரியலூர் எல்லாம் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல். அங்க கிடைக்கிற அம்மோனைட் ஓட்டுக்குள்ள வரிசையா அறைகள் இருக்கும். அதுல வாயுவை வச்சுத்தான் அந்த உயிர் மூழ்காம சமநிலையில நின்னுச்சு. எடையையும் மிதப்பையும் சேர்த்தே சுமந்திருக்கு. நாம மட்டும் எடையை முதல்ல வாங்கிட்டு, மிதப்பை அப்புறம் யோசிக்கிறோம்.

முறையான பயிற்சி இல்லாம இதைத் தொடாதீங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.