மறைநூல்களில் பெண்ணின் குரல்



பெண்ணைப் பற்றி மறைநூல்கள் கூறுவதைப் பலரும் ஆராய்ந்துள்ளனர். அந்நூல்களுள் பெண் பேசியது என்ன, அதைக் கேட்டவர் யார் என்பதே என் வினா.

யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் காண்பவர் மகதலா மரியா. அச்செய்தியைச் சீடர்களுக்கு அறிவிக்கும் பணியும் அவருக்கே அளிக்கப்படுகிறது. ஆயினும் லூக்கா நற்செய்தியில், பெண்கள் உரைத்ததைத் திருத்தூதர்கள் நம்பவில்லை. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகமோ, பெண் கற்பிக்கலாகாது, அமைதி காக்க வேண்டும் என்கிறது.

திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்திற்கு 'வாதிடும் பெண்' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கிவைப்பது அரபு நாட்டுப் பழைய வழக்கம். அவ்வாறு விலக்கப்பட்ட ஒருவர் நபிகள் நாயகத்திடம் முறையிட்டார். இறைவன் அவர் சொல்லைச் செவியேற்றான் என்றே அத்தியாயம் தொடங்குகிறது. அவ்வழக்கம் கண்டிக்கப்பட்டது, கணவனுக்குப் பரிகாரமும் விதிக்கப்பட்டது. கடன் எழுதுகையில் இரு ஆண் சாட்சிகள் இல்லையேல் ஓர் ஆணும் இரு பெண்களும் வேண்டும் என 2ஆம் அத்தியாயம் கூறுவதையும் மறைக்கலாகாது.

இரு நூல்களிலும் செவிமடுக்கப்பட்ட குரலும் உண்டு. வரம்பிடப்பட்ட குரலும் உண்டு. எப்பகுதியை உரக்கப் படித்தனர் என்பதைப் பொறுத்தே பிற்காலத்தில் பெண்ணின் நிலை பெரிதும் அமைந்தது. மகதலா மரியாவின் நினைவுநாளைத் திருத்தூதர் விழாக்களுக்கு இணையாக வத்திக்கான் உயர்த்தியது 2016இல்தான்.

கவிஞர்களே, பெண்ணை வருணித்து நிரம்பப் பாடிவிட்டோம். இனி அவர் பேசுவதைக் கேட்டுப் பாடுவோம்.